நான் மினுக்கிய சாப்ட்

சுண்டுவிரல் நுனியைப் போல முனை உருண்ட இரும்பு உளி ஒன்று என்னிடம் இருக்கிறது. நீளம் ஒரு சாண். பின்பக்கத்தைக் காற்றுச் சுத்தியலில் செருகி, முனையை இரும்பின் மேல் வைத்து விசையை அமுக்கினால் தடதடவென்று அடிக்கும். அடித்த இடமெல்லாம் பயறளவு குழி விழும். இடைவெளி விடாமல், ஒரு குழி மற்றக் குழியைத் தொடும்படி அம்மி கொத்துவது போலக் கொத்திக்கொண்டு போகவேண்டும். இப்போது நான் வேலை செய்யும் பட்டறையில் இந்த உளி என் கையில் இல்லாத நாள் குறைவு. அரிசி மில்காரர்களும் உழவு மெசின்காரர்களும் "அந்தக் கொத்துற அக்காட்டக் குடுங்க" என்று கேட்டு வருகிறார்கள். நான் கொத்திய சாமான் முறியாது என்று பெயர். இந்த உளியைக் கடைந்தவர் ஏறாவூரில் பட்டறை வைத்திருந்த காக்கா. அவர் செய்த சாமான் முறியும் என்று பெயர். அந்தப் பெயரோடுதான் அவர் இந்த வருடம் நோன்புக்கு முன்னால் மௌத்தாகிக் கண்ணை மூடினார். முறிந்தது ஒரே ஒரு சாப்ட். அதைக் கெடுத்தது அவரில்லை, நான். ஆறு வருடமாக இதை நான் வெளியே ஒருவரிடமும் சொல்லாமல் இருந்தேன்.

காக்கா என்பது எங்கள் பக்கத்து முஸ்லிம் சனங்கள் மூத்த சகோதரனைக் கூப்பிடும் சொல். பட்டறைக்கு வருகிற எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிட்டார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். என்னைவிட ஏழெட்டு வயதுதான் கூட. நான் சித்தாண்டிக்காரி. காலையில் பஸ் ஏறிப் போவேன். முதலில் கூட்டித் துடைக்கவும் ஆணி, நட்டுகளைப் பிரித்து வைக்கவும்தான் எடுத்தார். கணவர் இல்லாத வீட்டில் இரண்டு பிள்ளைகளோடு இருந்த எனக்கு அதுவே பெரிய காரியம். ஒரு வருடத்துக்குள் மினுக்குகிற வேலை என் கைக்கு வந்துவிட்டது. அவர் லேத் மெசினில் கடைந்து தருவதை நான் எமரித்தாளால் தேய்த்து, பிறகு துணிச் சக்கரத்தில் பிடித்து மினுக்குவேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே மினுக்குவேன். மில்காரர்கள் சாமானைத் தூக்கி அதில் தங்கள் முகத்தைப் பார்த்து மீசையைத் தடவிக்கொள்வார்கள். "தங்கச்சி, இது மில்லுக்குப் போற சாமான், கலியாணத்துக்குப் போற பொண்ணில்ல" என்று காக்கா கிண்டல் பண்ணுவார். ஆனாலும் எங்கள் ஊர்களில் ஒரு வேலையை நல்லது கெட்டது என்று சனம் சொல்வது மினுக்கத்தைப் பார்த்துத்தான் என்பது அவருக்கும் தெரியும். அதனால் சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார். வேலை முடிந்த சாமான் என்றால் என் கை பட்டுத்தான் வெளியே போகும். அது சொல்லாமலே நடந்துவந்த ஏற்பாடு.

அந்தச் சாப்ட் ஒரு பாதைக்கு உரியது. ஆட்களையும் சைக்கிள்களையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவையை மட்டக்களப்பில் பாதை என்றுதான் சொல்வோம். எந்தத் துறை என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. அக்கரையில் என் தாயின் சொந்தக்காரர்கள் பாதிப்பேர் இருக்கிறார்கள் என்பது மட்டும் போதும். இரண்டு வள்ளங்களைச் சேர்த்து மேலே பலகை அடித்து, பின்னால் ஒரு டீசல் எஞ்சின் பூட்டிய பாதை அது. எஞ்சினின் சுழற்சியைத் தண்ணீருக்குள் இருக்கும் விசிறிக்குக் கொண்டுபோகிற இரும்புத் தண்டைத்தான் சாப்ட் என்கிறேன். வேறு இடங்களில் செய்வித்த அது ஒரே வருடத்தில் இரண்டு தரம் முறிந்திருந்தது. இரண்டு தரமும் ஒரே இடத்தில், தண்டின் தடிப்பு சட்டென்று குறைகிற தோளில். பாதைக்காரர் முறிந்த துண்டுகளை உரப்பையில் போட்டுக் கொண்டுவந்து எங்கள் வாசலில் கொட்டினார். "இதுக்கு ஒரு முடிவு கட்டித் தாங்க காக்கா. மாரி வந்தா அந்தச் சனத்துக்கு வேற வழி இல்ல" என்றார்.

காக்கா முறிந்த முகத்தை வெயிலில் பிடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். மட்டிச் சிப்பியின் முதுகில் இருப்பது போல வளையம் வளையமாக இருந்தது. எல்லா வளையங்களும் ஓரத்தில் ஒரு புள்ளியில் இருந்து புறப்பட்டிருந்தன. "பாத்தீங்களா? உள்ளுக்கு இரும்பு நல்லாத்தான் இரிக்கி. மேல்தோல்ல இருந்துதான் தொடங்கியிருக்கி" என்றார். அதற்குப் பிறகு அவர் இரண்டு நாள் அந்தத் தோளோடு என்ன செய்தார் என்பதை நான் பார்க்கவில்லை. என் சின்னவளுக்குக் காய்ச்சல், வேலைக்குப் போகவில்லை. நான் திரும்பிப் போனபோது காக்கா இல்லை. மனைவிக்குக் கண் சத்திரசிகிச்சை என்று கொழும்புக்குப் போய்விட்டார். போகிற வழியில் போன் எடுத்தார். "சாப்ட் முடிஞ்சிது தங்கச்சி. மேசையில இரிக்கி. பாதைக்காரர் வந்தாக் குடுத்திருங்க. நான் வர மூணு நாளாகும். நாளைக்கு ஒங்கட பூசையல்லவா, செஞ்சிட்டுப் பூட்டிட்டுப் போங்க."

ஆயுத பூசையை அந்தப் பட்டறையில் நான்தான் செய்வேன். பட்டறை அவருடையது, மார்க்கம் வேறு, ஆனால் வருடா வருடம் அந்த நாளில் ஒரு மூலையை எனக்கு ஒழித்துத் தந்துவிடுவார். "மெசினுக்குப் பொட்டு வைங்க, கிறீஸ் போற ஓட்டைய மட்டும் அடைச்சிராதீங்க" என்பார். மறுநாள் நான் எடுத்து வைத்திருக்கும் அவலையும் கடலையையும் தேநீரோடு சாப்பிடுவார். பூசைக்கு ஆயுதங்களை மட்டுமல்ல, அன்றைக்குக் கையில் இருக்கும் வேலையையும் துடைத்து மினுக்கிச் சந்தனம் குங்குமம் வைத்துப் படைப்பது எங்கள் வழக்கம். அழுக்காக எதையும் வைக்கக்கூடாது. சாப்டைத் தூக்கிப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் வழுவழுவென்று இருந்தது. தோளில் மட்டும் அம்மை போட்ட முகம் மாதிரி குழி குழியாக. எனக்கு மனது கேட்கவில்லை. பாவம், மனைவியின் கண் யோசனையில் அவசரமாக வேலையை முடித்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தேன். அவருடைய பெயரைக் காப்பாற்றுவதாகவே நினைத்தேன் என்றால் நம்புவீர்களா? முதலில் அரைக்கும் தட்டைப் பிடித்தேன், பிறகு எமரித்தாள், பிறகு துணிச் சக்கரம். காலையில் தொடங்கி மதியமாகியும் விடவில்லை. கடைசிக் குழி மறைந்த பிறகுதான் கை கழுவினேன்.

மஞ்சள் துணியில் கிடத்தி, சந்தனப் பொட்டு வைத்து, கற்பூரம் காட்டினேன். அடுத்த நாள் பாதைக்காரர் வந்தார். "இதென்ன புள்ள, கண்ணாடியா செஞ்சிருக்கிறீங்க?" என்று அதில் தன் பல்லைப் பார்த்தார். எனக்குக் கால் நிலத்தில் படவில்லை. காக்கா திரும்பி வந்ததும் "சாப்ட் குடுத்தாச்சா?" என்றார். "ஓம் காக்கா" என்றேன். அவ்வளவுதான் பேச்சு. மினுக்கிய சங்கதியை அவரிடம் சொல்லவேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. மினுக்குவது என் வேலை. கறி ஆக்கியவள் உப்புப் போட்டேன் என்று தனியாகச் சொல்லிக்கொண்டா இருப்பாள்?

கார்த்திகையில் மழை பிடித்தது. கரடியனாற்றுப் பக்கமிருந்து வெள்ளம் இறங்கி, அக்கரை ரோட்டெல்லாம் தண்ணீருக்குள் போய்விட்டது. ஒருநாள் காலை பாதைக்காரர் நனைந்துகொண்டு வந்து ஒரு சட்டி எருமைத் தயிரைக் காக்காவின் மேசையில் வைத்தார். "ஒண்டரை மாசம் காக்கா. ஒரு சத்தம் இல்ல, ஒரு நடுக்கம் இல்ல. பாக்கிற சனமெல்லாம் ஆர் செய்த சாப்ட் எண்டு கேக்குது. அந்த மினுக்கத்துக்கே குடுக்கலாம் பரிசு" என்றார். காக்கா தயிர்ச் சட்டியைத் தொட்ட கையை எடுத்துக்கொண்டார். "என்ன மினுக்கம்?" என்று கேட்டார். "ஏன், தோளடியில முகம் தெரியுதே" என்றார் அவர். காக்கா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் இன்றைக்கு இதை எழுதவேண்டி வந்திருக்காது. பயம்தான் இருந்தது. பாதைக்காரர் தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

பிறகு காக்கா என்னைக் கூப்பிட்டு இந்த உளியை எடுத்துக் காட்டினார். அவருக்கு வாப்பா வழியில் வட்டை என்கிற வயல்வெளி ஒன்றில் கொஞ்சம் நிலம் இருந்தது. அதை வைத்தே சொன்னார். "வரம்பு கட்டக்குள்ள மம்பெட்டி முதுகால அடிச்சி அடிச்சி இறுக்குவாங்கல்லவா? அடிக்காத வரம்பு வெயிலுக்கு வெடிக்கும். இரும்பும் அப்படித்தான் தங்கச்சி. அடிச்சி மேல்தோல இறுக்கி விட்டா, வெடிப்பு வாய் திறக்க ஏலா. அந்தக் குழிதான் அந்தச் சாப்ட்டுக்குக் காவல்." நான் அரைநாளாக அரைத்து எடுத்தது அழுக்கை அல்ல, அந்தக் காவலை. அரைத்த தட்டின் கீறல் வேறு தோளில் விழுந்திருக்கும். அக்கரைப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும் அந்தப் பாதையில்தான். "நான் சொல்லியிருக்கணும். முடிஞ்சிது எண்டு மட்டும் சொல்லிட்டன். என்ட பிழை" என்றார் அவர். இரண்டு பேரும் மழையோடு துறைக்குப் போனோம்.

வாவி கலங்கிப் பெருகிக் கிடந்தது. ஆகாயத்தாமரை என்கிற ஆற்றுவாழை கும்பல் கும்பலாக மிதந்து வந்து விசிறியில் சுற்றிக்கொள்ள, எஞ்சின் திணறித் திணறி இழுத்துக்கொண்டிருந்தது. பாதையை மூன்று நாள் நிறுத்தினால் போதும், புதுச் சாப்ட் போட்டுத் தருகிறேன் என்று காக்கா கெஞ்சினார். பாதைக்காரருக்கு விளங்கவில்லை. "மூணு நாளா? ரோட்டில வள்ளம் ஓடுது காக்கா. ஆஸ்பத்திரிக்குப் போற சனத்துக்கு நான் என்ன சொல்லுற? நல்லா ஓடுற சாமானக் கழட்டு எண்டுறீங்க. பிழை எண்டா என்ன பிழை எண்டு சொல்லுங்க" என்றார். அந்த இடத்தில் நான் வாய் திறந்திருக்க வேண்டும். பாதை நிறைய எனக்குத் தெரிந்த முகங்கள். என் பெரியம்மா கூட ஒரு பையோடு உட்கார்ந்திருந்தா. நான் அவவின் பக்கம் பார்க்காமல் குனிந்துகொண்டேன். காக்கா என்னைப் பார்க்காமலே சொன்னார்: "கொத்து சரியா விழல்ல. நான் செஞ்ச பிழை." பாதைக்காரர் தண்ணீரையும் காத்திருக்கும் சனத்தையும் பார்த்தார். ஓடும்வரை ஓடட்டும் என்று சொல்லிவிட்டு எஞ்சினைக் கிளப்பினார்.

காக்கா அன்று மாலைக்குள் புதுத் தண்டு ஒன்றைக் கடைந்து முடித்தார். "கொத்துற வேலைய நீங்க செய்ங்க. நான் பாதையில இரிக்கன்" என்று, பிடிக்கிற விதத்தைக் காட்டி உளியை என் கையில் தந்தார். மறுநாள் விடிந்ததிலிருந்து அவர் பாதையில்தான் இருந்தார். எஞ்சினுக்குப் பின்னால் குந்தியிருந்து, சாப்ட் சுற்றுகிற இடத்துக்குப் பக்கத்தில் கட்டையில் கையை வைத்தபடி, அக்கரைக்கும் இக்கரைக்குமாகப் போய் வந்துகொண்டிருந்தார். நடுக்கம் மாறினால் கைக்குத் தெரியும், உடனே நிறுத்தலாம் என்பது அவர் கணக்கு. நான் பட்டறையில் தனியாக நின்று கொத்தினேன். ஒரு குழி விட்டுப் போனாலும் அங்கேதான் முறியும் என்ற பயத்தில் ஒவ்வொரு குழியையும் விரலால் தடவிப் பார்த்துப் பார்த்துக் கொத்தினேன். கை மரத்துப் போனது. கும்பிட்ட தெய்வத்தையெல்லாம் கூப்பிட்டேன். சித்தாண்டி முருகனிடம், இன்னும் ஒருநாள் தா, ஒரே ஒரு நாள் என்று வாய்விட்டுக் கேட்டு அழுதேன். வேகமாகச் செய்தால் பிழையாகிவிடும், மெதுவாகச் செய்தால் பிந்திவிடும். அந்த மூன்று நாளைப் போல ஒரு காலத்தை என் எதிரிக்கும் நினைக்கமாட்டேன்.

மூன்றாம் நாள் பகல், தோளில் கால்வாசி மிஞ்சியிருந்தபோது போன் வந்தது. நடு வாவியில் சாப்ட் முறிந்துவிட்டது. இழுவை அறுந்ததும் எஞ்சின் வெறி பிடித்தது போலச் சுற்றியிருக்கிறது. முறிந்த துண்டு துள்ளித் துள்ளிப் பலகையை உடைத்திருக்கிறது. காக்கா கையை உள்ளே விட்டு எஞ்சினை நிறுத்தினார். நிறுத்தியவருடைய வலது கை துண்டுக்கும் கட்டைக்கும் நடுவில் அகப்பட்டுவிட்டது. அதற்குப் பிறகும் நங்கூரக் கயிற்றை இடது கையால் எடுத்து எறிந்தவர் அவர்தான் என்று அன்றும் அந்தப் பாதையில் இருந்த பெரியம்மா சொன்னா. நங்கூரத்தை மெல்ல இழுத்தபடி பாதை வெள்ள ஒழுக்கில் போய்க் கண்டல் மரங்களில் சிக்கி நின்றது. மீன்பிடி வள்ளங்கள் போய் எல்லோரையும் ஏற்றி வந்தன. ஒரு பிள்ளைக்கும் கீறல்கூட இல்லை. காக்காவுக்கு இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். மற்ற விரல்கள் அதற்குப் பிறகு மடங்கவே இல்லை.

ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் நின்று, எல்லோரிடமும் சொல்லிவிடப் போகிறேன் என்று அழுதேன். அவர் தலையை ஆட்டினார். "சொல்லாதீங்க. பூசைக்கு மினுக்கித்தான் முறிஞ்சது எண்டு ஆரும் கதை கட்டினா அது தமிழ் முஸ்லிம் எண்டு எங்கெங்கயோ போய் நிக்கும். ஒங்களுக்கும் ரெண்டு புள்ள இரிக்கி. நான் செஞ்ச சாப்டாவே இரிக்கட்டும்." அவர் சொன்னதால்தான் பேசாமல் இருந்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதில்லை. அவர் அப்படிச் சொன்னபோது என் நெஞ்சுக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்னையே காறித் துப்ப வேண்டும் போல இருக்கிறது.

புதுச் சாப்டைக் கொத்தி முடித்தேன். ஏறாவூர்க் காக்காவின் சாமான் இனி என் பாதையில் ஏறாது என்று பாதைக்காரர் துறையில் நின்று சத்தியம் பண்ணியிருந்தார். அதனால் காக்கா அதை வேறொரு பட்டறைக்காரர் மூலமாக, அந்தப் பட்டறை செய்ததாகச் சொல்லி அனுப்பிவைத்தார். அது ஒழுங்காக ஓடியது. எங்கள் பட்டறைக்கு ஆட்கள் வருவது நின்றது. முதலில் பாதைத் துறைச் சனம், பிறகு மில்காரர்கள், பிறகு உழவு மெசின்காரர்கள். இடது கையால் லேத்தைப் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்த மனிதருக்கு முன்னால் வேலையே இல்லாமல் போனது. பட்டறை மூடிய நாளில் இந்த உளியை என்னிடம் தந்து, "ஒங்களுக்கு இது சோறு போடும்" என்றார். போடத்தான் செய்கிறது.

அவர் மௌத்தான செய்தி கேட்டு மூன்றாம் நாள் வீட்டுக்குப் போனேன். அவருடைய மனைவி, நான் அக்கா முறையில் ராத்தா என்று கூப்பிடுகிறவ, என் கையைப் பிடித்துக்கொண்டு, "கடைசிக் காலத்தில ஒரே துறைப் பக்கம் போகணும் எண்டாரு. போனா அந்தப் பாதைக்காரன் மூஞ்சத் திருப்பிக்கிருவான் எண்டு போகாமலே இருந்திட்டாரு" என்றா. அவவுக்கு உண்மை தெரியுமா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. அங்கேயிருந்து நேரே துறைக்குப் போனேன்.

பாதை இக்கரையில் நின்றது. பாதைக்காரருக்கு இப்போது தலை முழுக்க நரைத்துவிட்டது. அவரை ஒருபக்கமாகக் கூப்பிட்டு, ஒன்றும் விடாமல் சொன்னேன். அரைத்ததையும், பொட்டு வைத்ததையும், காக்கா ஏன் மூன்று நாள் பாதையில் குந்தியிருந்தார் என்பதையும், இப்போது ஓடுகிற சாப்டும் அவருடையதுதான் என்பதையும் சொன்னேன். ஏசுவார், சனத்தைக் கூட்டுவார் என்று காத்திருந்தேன். அடித்தாலும் வாங்கிக்கொள்ளத்தான் போயிருந்தேன். அவர் பாதையின் கயிறு கட்டும் கட்டையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அண்டைக்குச் சனமெல்லாம் வள்ளத்தில ஏறிப் போனாப் பிறகு, பாதையில அவரும் நானும்தான் நிண்ட" என்றார். "கையச் சாரனால சுத்திக்கிட்டு இருந்தார். ரத்தம் ஒழுகிது. என்ட பாதையக் கொண்டுபோய்க் கவுக்கப் பாத்தியே எண்டு கன்னத்தில அடிச்சன் புள்ள. ரெண்டு தரம். அவர் ஒரு சொல்லுச் சொல்லல்ல."

எனக்கு இது தெரியாது. காக்கா இதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

"பிழை செய்தவனத்தான் அடிச்சன் எண்டு நினைச்சித்தான் இவ்வளவு காலமும் சோறு திண்டன், படுத்தன்" என்றார். "அந்த மனிசன் உசிரோட இருக்கக்குள்ள வந்து சொல்லியிருந்தா, காலப் புடிச்சிருப்பனே. இனி நான் என்னகா செய்யிற?"

பாதையில் ஆட்கள் நிறைந்துவிட்டார்கள். யாரோ ஒருவர் நேரமாகிறது என்று கூப்பிட்டார். அவர் எழும்பவில்லை. முகத்தைச் சால்வையால் மூடிக்கொண்டு அப்படியே இருந்தார். சொல்லிவிட்டால் என் பாரம் இறங்கும் என்று நினைத்துத்தான் நான் அங்கே வந்தேன். அது இறங்கவும் இல்லை. அவர் தலையிலும் ஒரு பங்கை ஏற்றிவிட்டு, பஸ் எடுக்க ரோட்டுக்கு நடந்தேன்.